குட்டிக்கு நாலு சொட்டு நீலம்

எங்கள் வீட்டில் சொட்டு நீலம் வாங்குவதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. வெள்ளைத் துணி பழுப்பேறிப் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். கல்யாணமாகிப் போன என் மகள் வீட்டுக் குளியலறை ஜன்னலில் அந்தக் குப்பி இருக்கும். பார்க்காதது போல முகம் கழுவிவிட்டு வந்துவிடுவேன். நீலக் குப்பிக்குப் பயப்படுகிற பொம்பளையை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஏன் என்று சொன்னால் என் மரியாதை போகும். போகட்டும். அது அன்றைக்கே போயிருக்க வேண்டியது.

தொண்ணூறுகளின் கடைசி. காலடிப்பேட்டையில் ரெண்டு அறை போர்ஷனில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் எலக்ட்ரீஷியன். நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். மகள் ஆறாவது படித்தாள். ஒருநாள் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வரும்போது மார்போடு ஒரு நாயை அணைத்துக்கொண்டு வந்தார். ரெண்டு வயசுப் பெட்டை, பொமரேனியன். எங்கள் பக்கம் சடை நாய் என்போம். குவார்ட்டர்ஸில் இருந்த இன்ஜினியர் ஒருவருக்கு வெளியூர் மாற்றலாகி, கூட்டிக்கொண்டு போக வழியில்லாமல் இவர் கையில் கொடுத்துவிட்டாராம்.

"இன்னாய்யா இது? கீற மூணு பேருக்கே ஒழுங்கா சோறு இல்ல, இதுக்கு யாரு பால் ஊத்தறது?" என்று கத்தினேன்.

"கொஞ்ச நாளு கெடக்கட்டும்மே. மூஞ்சப் பாரு, பாவமா கீது," என்றார்.

கொஞ்ச நாள் கிடந்தது. அப்புறம் அது இல்லாமல் எனக்கு முடியவில்லை. நான் மெஷினில் உட்கார்ந்தால் அது வந்து என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். நான் பெடல் மிதிக்க மிதிக்க அதன் தலையும் மேலும் கீழும் ஆடும். அதற்குத் தூக்கம் கலையாது. எனக்குப் பாதத்தில் ஒரு சூடு இருந்துகொண்டே இருக்கும். என் அம்மா செத்ததிலிருந்து அப்படி என்னை ஒட்டி யாரும் உட்கார்ந்ததில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், அதன் மேல் பிரியமில்லாமல்தான் எல்லாம் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிரியம் இருந்தது. இருந்தும் செய்தேன்.

அது நல்ல வெள்ளை. எங்கள் பேட்டையில் வெள்ளையாக இருக்கிற எதுவும் சாயங்காலம் வரை வெள்ளையாக இருக்காது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் கரித்தூசி, கம்பெனிப் புகை, வடக்குக் காற்று அடித்தால் சாம்பல் வேறு. கொடியில் போட்ட துணியை உதறித்தான் மடிப்போம். அதனால் எங்கள் தெருப் பெண்களுக்கு நீலம் போடுவதில் பெரிய கௌரவம். ஸ்கூல் யூனிஃபார்ம் சட்டை யார் வீட்டில் பளிச்சென்று இருக்கிறது என்று கொடியைப் பார்த்தே எடைபோடுவோம். ஒரு வாளிக்கு நாலு சொட்டு. கூடப் போட்டால் திட்டுத்திட்டாக நிற்கும், குறைந்தால் பழுப்பு தெரியும். என் கை அதில் தப்பவே தப்பாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயைக் குளிப்பாட்டிவிட்டு, சும்மா விளையாட்டாக, கடைசித் தண்ணீரில் நாலு சொட்டு விட்டு ஊற்றினேன். துவட்டிக் காயவைத்தால் கண்ணைப் பறிக்கிற வெள்ளை. தெருவே வந்து பார்த்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

அடுத்த வருஷம் கான்ட்ராக்டர் மாறினார். புது ஆள் தன் ஆட்களையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஃபேன் ரிப்பேர், சீரியல் லைட் கட்டுவது என்று கிடைத்ததைச் செய்தார். அந்தச் சமயம்தான் கல்மண்டபத்திலிருந்து ஒருவன் வந்தான். லவ் பேர்ட்ஸ், வெள்ளெலி, நாய்க்குட்டி என்று வாங்கி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் விற்கிறவன். யாரோ எங்கள் வீட்டில் வெள்ளைப் பெட்டை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் நின்றபடியே நாயின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான், வாலைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னாக்கா, இந்த மாரி சரக்க வூட்ல வெச்சிகினு ஜாக்கெட்டு தெச்சிகினு கீறியே! ஹீட்டுக்கு வந்தா சொல்லி அனுப்பு. கடுவன் நான் எட்தாறேன். குட்டி போட்டா மொதோ குட்டி என்துக்கா, மிச்சத்த நானே வித்துத் தாறேன்."

சரக்கு என்று அவன் சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

கடுவன் நாய் மொபெட் ஹேண்டிலில் மாட்டிய வயர் கூடையில் வந்தது. ரெண்டு மாசம் கழித்து எங்கள் இரும்புக் கட்டிலுக்கு அடியில் நாலு குட்டிகள். என் மகள் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். அந்த முதல் ஈற்றில் எங்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. குட்டிகள் நாற்பத்தைந்து நாள் தாயிடம் இருந்தன. அதற்குத் தினமும் முட்டை கொடுத்தேன். குட்டிகள் போனபோது நானும் மகளும் சேர்ந்து அழுதோம். அந்தக் காசில் வாடகைப் பாக்கி அடைந்து, அவளுக்கு ஒரு சைக்கிளும் வந்தது. அதற்குப் பிறகு அடுத்த பருவம் எப்போது வரும் என்று நான் நாள் பார்க்க ஆரம்பித்தேன்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருமுறை அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு தடவையும் சேர்க்காதீங்கம்மா. இது சின்ன உடம்பு, தாங்காது. அடுத்த ரெண்டு பருவம் விட்டுடுங்க," என்றார். சரிங்கம்மா என்று தலையாட்டினேன். வெளியே வந்து படி இறங்குவதற்குள் ஏன் விட முடியாது என்பதற்கு எனக்கு நாலு காரணம் கிடைத்துவிட்டது. அடுத்த பருவத்தை விடவில்லை. அதற்கடுத்ததையும் விடவில்லை. முட்டை நின்றது. தெருவில் எங்கள் வீட்டுக்கு நாய்க்கார வூடு என்று பேராகிவிட்டது. முதலில் கோபம் வந்தது, பிறகு யாராவது குட்டி கேட்டு வழி விசாரித்தால், நாய்க்கார வூடு எது என்று கேட்டாலே காட்டுவார்கள் என்று நானே சொல்ல ஆரம்பித்தேன்.

கல்மண்டபத்துக்காரன் அவசரப்படுத்த ஆரம்பித்தான். "குட்டி சின்னதா, உள்ளங்கையில நிக்கிற மாரி இருந்தாதான்க்கா சந்தையில வாங்கறான். நாப்பது நாளு வெச்சிகினா மூஞ்சி நீண்டுடுது. கண்ணு தொறந்து நாலு அடி நடந்தா போதும், குட்து அனுப்பு." நாற்பத்தைந்து நாள் முப்பதாகி, அதற்கும் கீழே இறங்கியது. பால் மறக்காத குட்டிகள். ஆனால் கட்டிலுக்கு அடியில் கிடந்து மூத்திரத்திலும் தூசியிலும் புரண்டு அவை பழுப்பாக இருந்தன. அழுக்குக் குட்டியைச் சந்தையில் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவன் சலித்துக்கொண்டான். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவன் சொல்லிக் கொடுத்தது இல்லை. முழுக்க முழுக்க என் மூளை.

குட்டி போகிற சனிக்கிழமைகளில் மத்தியானமே வாளியில் தண்ணீர் பிடித்து நாலு சொட்டு நீலம் விடுவேன். குட்டிகளை ஒவ்வொன்றாக முக்கி எடுப்பேன். துண்டில் சுற்றி, மகளின் பவுடரைக் கொஞ்சம் தட்டி, சின்னச் சீப்பால் வாரிவிட்டால் கடையில் வைத்த பொம்மை மாதிரி இருக்கும். சூடு தணியாத அந்தச் சின்ன உடம்புகள் வெடவெடவென்று நடுங்கும். "குளிக்க வலிக்குது பாரு சோம்பேறிக்கு," என்று கொஞ்சுவேன். கல்மண்டபத்துக்காரன் அசந்துபோனான். வேறு நாய் வளர்க்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தான். அக்காவுக்கு மூளையோ மூளை என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் கொண்டுபோன குட்டிகள் எத்தனை நாள் பிழைத்தன என்று நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

தாய் நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். வாளி வந்தால் மறுநாள் குட்டி இருக்காது என்பது அதற்கு ரெண்டாவது ஈற்றிலேயே புரிந்துவிட்டது. மூன்றாவது ஈற்றில் நான் நீலக் குப்பியை எடுத்ததுமே ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு போய் மெஷினுக்குப் பின்னால் வெட்டுத்துணி மூட்டையில் ஒளித்து வைத்தது. நான் சிரித்தேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எவ்ளோ உஷாரு பாரேன்!" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் குட்டிகளை மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

இப்போது மீன்கார அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியற்காலை காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் தெருவுக்கு வருவாள். அன்னக்கூடையை முனையில் இறக்கி வைத்தால் நாலைந்து பூனைகள் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். வியாபாரம் ஆகிறதோ இல்லையோ, முதலில் அவற்றுக்குத் தலையும் குடலும் போடுவாள். அவள் கை ராசியான கை என்று எங்கள் பக்கம் பேர். வளைகாப்பு என்றால் முதல் வளையல் போட அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வளையல் போட்ட பெண்ணுக்குக் குறைப் பிரசவமே ஆனதில்லை என்பார்கள். என் மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கும் அவள்தான் போட்டாள். மீன் வாசனை போக எலுமிச்சம் பழம் தேய்த்துக் கை கழுவிக்கொண்டு வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து, வலிக்காமல் வளையலை ஏற்றினாள். அந்தப் பேரில் அவளுக்கு உள்ளூர ரொம்பச் சந்தோஷம். ரெண்டு பிள்ளைகளும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், வீட்டுக்காரன் விசைப்படகில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். அந்தக் கையும் அந்தப் பேரும்தான் அவளுக்குத் துணை.

"தங்கச்சி, எனக்கு ஒரு குட்டி எட்து வையி. வூட்ல ஒத்தையில கீறேன். பேச்சுத் தொணைக்காவது ஆவும்," என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை தருகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். எல்லாவற்றையும் கல்மண்டபத்துக்காரனே அள்ளிக்கொண்டு போய்விடுவான்.

நாலாவது ஈற்று மார்கழியில். அஞ்சு குட்டி. ரெண்டு, முதல் வாரத்திலேயே செத்துப்போயின. தாய்க்குப் பால் சரியாக ஊறவில்லை. பாலாடையில் பசும்பால் ஊட்டினேன். சனிக்கிழமை அவன் வந்து மூன்றையும் தூக்கிப் பார்த்தான். ரெண்டைக் கூடையில் போட்டுக்கொண்டு, ஒன்றைக் கீழே விட்டான். அந்தக் குட்டிக்கு முந்தின நாளிலிருந்து பேதி. கொஞ்சம் ரத்தமும் கலந்து போனது.

"இது வாணாங்க்கா. தேறாது. இத்த எட்துகினு போனா சந்தையில என்ன ஒதிப்பானுங்க," என்றான்.

அவன் போனபிறகு அந்தக் குட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். டாக்டரம்மா மூஞ்சியில் எப்படி முழிப்பது என்று தயக்கம். மறுநாள் காலை மீன்கார அக்காவின் குரல் தெருமுனையில் கேட்டது. எனக்கு அந்த நிமிஷம் என்ன தோன்றியது என்பதை எழுதும்போது கை கூசுகிறது. சந்தைக்காரன் உதைப்பான், இவள் உதைக்கமாட்டாள் என்று தோன்றியது.

வாளியில் தண்ணீர் பிடித்தேன். மார்கழிக் காலைத் தண்ணீர். நாலு சொட்டு விட்டேன். குட்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த அசிங்கத்தைத் தேய்த்துக் கழுவி, முக்கி எடுத்து, துவட்டி, பவுடர் போட்டேன். அது கத்தக்கூட இல்லை. தாய் நாய் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒளித்து வைக்க அதற்கு வேறு குட்டி இல்லை.

"அக்கா, உனக்குன்னே எட்து வெச்சேன்," என்றேன்.

அவள் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். "மெய்யாலுமா! எப்புடி கீது பாரேன், மல்லிப்பூ மாரி! ஏன் தங்கச்சி, டல்லா கீதே?"

"தூக்கக் கலக்கம்க்கா."

"ஊசி கீசி எதுனா போடணுமா?"

"அதெல்லாம் போட்டாச்சு."

வாய் கூசாமல் சொன்னேன். சந்தையில் என்ன விலையோ அதையே கேட்டேன். அவள் பேரம் பேசவில்லை. மீன் விற்கும்போது அஞ்சு ரூபாய்க்கு அரை மணி நேரம் வாதாடுகிறவள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தாள். போகும்போது குட்டியை மார்புக்குள் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு போனாள். சரி, அவள் மார்ச்சூட்டில் பிழைத்தாலும் பிழைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலு நாள் அவள் தெருவுக்கு வரவில்லை. அஞ்சாம் நாள் வாசலில் நின்றாள். கூடை இல்லை. வாழை இலையில் சுற்றிய ஒரு பொட்டலம் மட்டும் கையில். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"தங்கச்சி, பாவம் பண்ணிட்டேன். குட்டி பூட்ச்சு," என்றாள்.

ஊரைக் கூட்டப் போகிறாள், காறித் துப்பப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பால் குட்தா குடிக்கல. சரி, வாசனைக்காவது துன்னுமேன்னு சாதத்துல துளி மீன பெசஞ்சி வாயில வெச்சேன். முள்ளுலாம் பாத்துப் பாத்துதான் எட்தேன். அன்னிக்கே வாந்தி, ரத்தமா போச்சு. எதுனா முள்ளு தங்கிட்ச்சோ, இன்னாவோ. இந்தக் கையாலதான் வெச்சேன் தங்கச்சி."

வலது கையை என் முன்னால் நீட்டினாள். இந்தக் கைதான் காரணமா என்று கேட்கிற மாதிரி நீட்டினாள். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அவளிடம் கொடுப்பதற்கு முன்பே அதற்குப் பேதி என்று சொன்னால் போதும். நான் வாயைத் திறந்தேன்.

"குட்டி நாய்க்கு மீன் ஆவாதுக்கா," என்றேன்.

சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சும்மா இருக்கவில்லை. அவள் சந்தேகத்தோடு வந்தாள், நான் அதைத் தீர்த்து அனுப்பினேன். அவள் தலையை ஆட்டினாள். "அதான் நானும் நெனச்சேன்," என்றாள். எழுந்து, பொட்டலத்தை என் கையில் வைத்தாள். வஞ்சிரம், நாலு பெரிய துண்டு. அந்த மீனுக்கு அதுவரை நாங்கள் அவளிடம் விலை மட்டும்தான் கேட்டிருக்கிறோம். "உன் பொண்ணு தூக்கி வளத்த குட்டி. அதுகிட்ட என்னப் பத்தி தப்பா சொல்லாத," என்றாள். அன்று மத்தியானம் அந்த வஞ்சிரத்தைக் குழம்பு வைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை.

மறுவாரம் அவள் வியாபாரத்துக்கு வந்தாள். பூனைகள் சுற்றி உட்கார்ந்தன. அவள் தலையும் குடலும் போடவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஓரமாக வைத்துக்கொண்டாள். பூனைகள் ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போய்விட்டன. தை மாசம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. கூப்பிடப் போனார்கள். "என் கை வாணாம்மா. வேற நல்ல கையாப் பாரு," என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்குக் காரணத்தையும் சொல்லியிருக்கிறாள். ஒரு நாய்க்குட்டிக்காகவா இப்படி என்று தெருவில் சிரித்தார்கள். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். என்னால் சிரிக்க முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. சொன்னால் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் அடுத்த ஈற்றை யார் வாங்குவார்கள்? ஆமாம், அப்போதும் எனக்கு அடுத்த ஈற்று ஞாபகம்தான்.

அதற்குத் தண்டனை மாதிரி அந்த அடுத்த ஈற்று வந்தது. தண்டனை எனக்கு வந்திருக்க வேண்டும், நாய்க்கு வந்தது. ரெண்டு நாள் முக்கியது. குட்டி வெளியே வரவில்லை. கடைசியில் அந்த டாக்டரம்மாவிடமே தூக்கிக்கொண்டு ஓடினோம். இருந்த ரெண்டு குட்டிகளும் வயிற்றிலேயே செத்திருந்தன. கர்ப்பப் பையையும் எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு காகிதத்தில் மருந்தை எழுதி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. கல்மண்டபத்துக்காரனுக்குச் செய்தி போனது. அதற்குப் பிறகு அவன் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

நாய்க்குத் தையல் பிரித்து ஒரு வாரம் இருக்கும். காலையில் மகளின் வெள்ளைச் சட்டையை அலசிக்கொண்டிருந்தேன். வாசலில் மீன்கார அக்கா கூடையை இறக்கி, சங்கரா வேண்டுமா என்று கேட்டாள். இரு, வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே நீலக் குப்பியைச் சாய்த்தேன். சொட்டு தண்ணீரில் விழுந்ததுதான் தாமதம், நாய் எழுந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது, நடக்கவே தள்ளாடியது. கொடிக்குக் கீழே விழுந்து கிடந்த மகளின் வெள்ளைக் காலுறை ஒன்றைக் கவ்விக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் போனது. துணிமூட்டைக்குள் காலுறையை வைத்து, அதன் மேல் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்து உறுமியது. அத்தனை வருஷத்தில் அது என்னைப் பார்த்து உறுமியது அன்றைக்குத்தான்.

"இன்னா தங்கச்சி, நீலத்தப் பாத்து இப்புடி பண்ணுது?" என்று கேட்டாள் அக்கா.

நான் வாளியின் முன்னால் குந்தியபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சனிக்கிழமைக் குளியல், சந்தைக்காரன் வேண்டாம் என்று கீழே விட்டது, பேதி, ரத்தம், போடாத ஊசி. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. நான் முடித்தபிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ மீன் குட்து சாவலயா?"

"இல்லக்கா."

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆறு மாசமா பூனைக்குக்கூட ஒரு தல போடல நான்," என்றாள். என்னிடம் சொன்னது மாதிரி இல்லை. பிறகு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எங்கள் பக்கத்துத் திட்டெல்லாம் எனக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் குந்தியிருந்தேன்.

மறுநாள் காலை வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. வாசற்படி ஓரமாக உட்கார்ந்து, ஒரு சின்னத் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தாள். வேகவைத்த சங்கரா. விரலால் ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தரையில் போட்டாள். அவசரமே இல்லை. நாய் மெஷினுக்குப் பின்னாலிருந்து மூக்கை நீட்டியது, எழுந்து தள்ளாடித் தள்ளாடி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக நான் என்ன வைத்தாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்ட நாய். அவள் மீனை வலது உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அது முகர்ந்தது. நக்கியது. பிறகு சாப்பிட ஆரம்பித்தது. சாப்பிட்டு முடித்து உள்ளங்கையையும் நக்கிக்கொண்டிருந்தது.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆவுது பாரு."

தூக்கை மூடிக்கொண்டு எழுந்தாள். அந்த நாய் செத்துப்போகும் வரை, ரெண்டு வருஷத்துக்கு மேல், தினமும் வந்து அதற்கு மீன் கொடுத்தாள். என் வீட்டுக்கு மட்டும் அவள் அப்புறம் மீன் விற்கவே இல்லை.